டிஜெரிடூ வாங்கும் முன்: அசல், போலி, நியாயமான விற்பனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் போய்த் திரும்பும் பெற்றோரின் பெட்டியில் வண்ணப் புள்ளிகள் இட்ட ஒரு சிறிய டிஜெரிடூ, அதாவது குழாய்போன்ற மர ஊதுகருவி, இருப்பது இப்போது அரிதல்ல. அது அந்த நாட்டுப் பூர்வகுடி மக்களின் கைவேலை என்று நம்பியே பெரும்பாலோர் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைப் பற்றி வாங்குபவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன.

டிஜெரிடூ உண்மையில் யாருடைய கருவி?

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் அனைவருக்கும் பொதுவான கருவி என்று இதைச் சொல்வது தவறு. இது அந்நாட்டின் வடக்கு விளிம்புக்கு உரியது. குறிப்பாக, வடக்குப் பிரதேசத்தின் ஆர்னம் லேண்ட் பகுதியில் இதன் மரபு இன்றும் ஆழமாக வேரூன்றி நிற்கிறது. சிட்னியும் மெல்போர்னும் அமைந்துள்ள தென்கிழக்கு நிலங்களின் பூர்வகுடிகளிடம் இந்தக் கருவி முன்பு இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் அது அங்கே பரவியது.

'டிஜெரிடூ' என்ற பெயரே பூர்வகுடி மொழி எதிலிருந்தும் வந்ததாகத் தெரியவில்லை. கருவியின் ஒலியைக் கேட்ட வெள்ளையர்கள் ஒலிக்குறிப்பாக வைத்த பெயர் என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. வடகிழக்கு ஆர்னம் லேண்டின் யோல்ங்கு மக்கள் தங்கள் கருவியை யிடாக்கி என்கிறார்கள். மேற்கு ஆர்னம் லேண்டில் அது மாகோ. இவை ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் மட்டும் அல்ல. மாகோ பெரும்பாலும் குட்டையானது; யிடாக்கி நீளமானது. யிடாக்கி வாசிப்பில் அடிநாதத்தின் நடுவே எக்காளம்போல் ஒரு மேல்சுரம் திடீரெனப் பீறிட்டு எழும். மேற்கு ஆர்னம் லேண்ட் பாணியில் அந்த மேல்சுரத்துக்கு இடமில்லை. ஆகவே 'இது டிஜெரிடூ' என்று மட்டும் சொல்லி, எந்த ஊர், எந்த மக்கள் என்று சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் தொடக்கத்திலேயே சற்று ஐயம் கொள்வது நல்லது.

ஒரு யிடாக்கி எப்படி உருவாகிறது?

இதைத் தெரிந்துகொண்டால் விலையைப் பற்றிய பாதிக் கேள்விகள் தாமாகவே அடங்கிவிடும்.

செய்பவர் முதலில் காட்டுக்குப் போகிறார். அவர் தேடுவது பெரும்பாலும் யோல்ங்கு மொழியில் கடய்க்கா எனப்படும், நார்ப்பட்டை கொண்ட ஒரு யூகலிப்டஸ் மரத்தை. அந்த மரங்களின் உள்வைரத்தைக் கரையான்கள் தின்றுவிடுகின்றன. வெளிவட்டம் உயிரோடு நிற்கிறது. எந்த மரம் குடைபட்டிருக்கிறது, எந்த அளவுக்குக் குடைபட்டிருக்கிறது என்பது வெளியே பார்த்தால் தெரியாது. பட்டையைச் சிறிது விலக்கி, விரலாலோ கோடரியாலோ தட்டி, ஒலியைக் கேட்டே முடிவு செய்கிறார்கள். தட்டிப் பார்க்கும் மரங்களில் பெரும்பாலானவை உதவாதவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இந்தத் தேர்வில்தான் கைதேர்ந்தவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது. வெட்டியபின் பட்டையை உரித்து, உள்ளே எஞ்சிய கரையான் மண்ணைத் தள்ளி எடுத்து, வெளிப்புறத்தைச் செதுக்கி மெலிதாக்கி, இடையிடையே ஊதிப் பார்த்துச் சரிசெய்கிறார்கள். வாய் வைக்கும் துளை அகலமாக இருந்தால் கொசுத்தேனீயின் மெழுகைப் பூசிக் குறுக்குவார்கள். துளை இயல்பாகவே சரியாக அமைந்த யிடாக்கிக்கு மெழுகே தேவைப்படாது.

அதன் பிறகே வண்ணம். அந்த வண்ணமும் வெறும் அலங்காரம் அன்று. யோல்ங்கு உலகம் முழுவதும் துவா, யிரிட்ஜா என்னும் இரு பெரும் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. மனிதர், நிலம், விலங்கு, பாட்டு, கருவி எல்லாமே இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவை. ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கே உரிய வடிவங்கள் உண்டு. அவற்றைத் தீட்டும் உரிமை பிறப்பாலும் உறவாலும் வருவது. திறமை இருக்கிறது என்பதற்காக யாரும் எதையும் தீட்டிவிட முடியாது.

கண்ணால் பார்த்தே அசலையும் போலியையும் பிரித்துவிடலாமா?

ஓரளவு முடியும், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

கரையான் குடைந்த துளை நேராக இருக்காது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் வரிகளும் வளைவுகளும் மேடு பள்ளங்களும் தெரியும். இயந்திரத்தால் துளைத்தது குழாய்போல் வழவழவென்று ஒரே அளவில் செல்லும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உட்புறத்தைக் குடைந்து, மீண்டும் ஒட்டிய கருவிகளில் இணைப்புக் கோடு வண்ணத்துக்கு அடியில் மறைந்திருக்கும். இந்தோனேசியாவிலிருந்து வரும் மலிவான சுற்றுலாக் கருவிகள் பல மூங்கிலால் ஆனவை. எடை குறைவாக இருக்கும், கணுக்கள் தெரியும்.

இங்கே ஒரு குறுக்குக் குறிப்பு தேவைப்படுகிறது. மூங்கில் என்றாலே போலி என்று பலர் எழுதுகிறார்கள். அது வரலாற்றுக்குப் பொருந்தாது. வடக்கு ஆஸ்திரேலியாவில் இயற்கையாகவே மூங்கில் வளரும் பகுதிகள் உண்டு, ராஃபிள்ஸ் பே பகுதியில் மூங்கில் கருவியை வாசித்ததை 1835-இல் வெளியான ஒரு கடற்பயண நூல் பதிவு செய்துள்ளது. இன்று கடையில் தொங்கும் மூங்கில் கருவி போலி என்பதற்குக் காரணம் மூங்கில் அன்று. அது எங்கோ ஒரு பட்டறையில் செய்யப்பட்டு இன்னொருவர் பெயரில் விற்கப்படுவதுதான்.

புள்ளி ஓவியமும் அப்படித்தான். ஆர்னம் லேண்டுக்கு உரியது மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழைக்கும் பாணி. கித்தானில் புள்ளிகளால் நிரப்பும் பாணி 1971-க்குப் பின் பப்புன்யா என்னும் மத்தியப் பாலைவனக் குடியிருப்பிலிருந்து உலகுக்கு அறிமுகமானது. அந்தப் பாலைவன மக்களிடமோ டிஜெரிடூ மரபு கிடையாது. எனவே புள்ளிகள் நிறைந்த டிஜெரிடூ இரு வேறு நிலங்களின் அடையாளங்களை ஒட்டவைத்த ஒரு கலவை. அதையும் ஒரு பூர்வகுடிக் கலைஞரே செய்திருக்கலாம், அதில் குற்றமும் இல்லை. ஆனால் அதைப் 'பன்னெடுங்கால மரபு வடிவம்' என்று சொல்லி விற்றால் அது பொய்.

மறுபுறம், யோல்ங்கு வாசிப்பவர் சடங்கில் பயன்படுத்தும் நல்ல யிடாக்கி பார்வைக்குப் பரிதாபமாக இருக்கலாம். வெடிப்பு விட்ட இடங்களில் ஒட்டுப்பட்டை சுற்றி, வண்ணமே இல்லாமல் இருக்கும் கருவியைச் சுற்றுலாப் பயணி ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். அழகை அளவுகோலாகக் கொள்பவர் ஏமாறுவது இதனால்தான்.

'அபாரிஜினல் ஆர்ட்', 'கையால் தீட்டியது' என்ற அட்டை இருந்தால் போதாதா?

போதாது. 'பிருபி ஆர்ட்' என்னும் மொத்த விற்பனை நிறுவனத்தின் வழக்கு இதற்குத் தக்க சான்று. 2015 ஜூலைக்கும் 2017 நவம்பருக்கும் இடையில் அந்நிறுவனம் டிஜெரிடூ, பூமராங், புல்ரோரர் (கயிற்றில் கட்டிச் சுழற்றும் மரத்துண்டு), செய்திக்கல் எனப் 18,000-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆஸ்திரேலியக் கடைகளுக்கு விற்றது. அவற்றில் 'அபாரிஜினல் ஆர்ட்', 'கையால் தீட்டியது', 'ஆஸ்திரேலியா' போன்ற சொற்களும் பூர்வகுடிப் பாணி ஓவியங்களும் இருந்தன. பொருள்கள் செய்யப்பட்ட இடமோ இந்தோனேசியா. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில், இது வாங்குவோரைத் தவறாக வழிநடத்துவது என்று 2018 அக்டோபரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-இல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குள் போய்விட்டது என்பது வேறு கதை.

அந்த அட்டைகளில் இருந்த சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். 'கையால் தீட்டியது' என்பது பொய்யில்லை. யாரோ ஒருவர் கையால்தான் தீட்டினார். யார் என்பதைத்தான் அட்டை சொல்லவில்லை. 'ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்டது' என்பதும் 'பூர்வகுடிக் கலைஞர் செய்தது' என்பதும் ஒன்றல்ல. 'பூர்வகுடி வடிவமைப்பு' என்றால் வடிவத்தை உரிமம் பெற்று அச்சிட்டார்களா, பார்த்து நகலெடுத்தார்களா என்று கேட்க வேண்டும். பெயர் இல்லாத இடத்தில் எத்தனை அடைமொழிகள் இருந்தாலும் அவற்றுக்கு எடை இல்லை என்பதே என் கருத்து.

போலிகள் உண்மையிலேயே அவ்வளவு பரவலாக உள்ளனவா?

ஆம். ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருள்களுக்காகச் செலவிடப்படும் பணத்தில் பாதிக்கு மேல் அசலல்லாத பொருள்களுக்கே போகிறது என்று கணித்தது.

அப்படியானால் சட்டம் ஏன் அவற்றைத் தடை செய்யவில்லை?

நடைமுறையில் உள்ள நுகர்வோர் சட்டம் பொய் சொல்வதைத்தான் தடுக்கிறது, நகல் செய்வதை அன்று. பிருபி நிறுவனம் அதே பொருள்களில் 'இந்தோனேசியாவில் செய்யப்பட்டது' என்று தெளிவாக அச்சிட்டிருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது. பதிப்புரிமைச் சட்டம் ஒரு குறிப்பிட்ட கலைஞரின் குறிப்பிட்ட படைப்பைக் காக்கும். பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளங்களில் நெய்து இறக்குமதி செய்தவர்களுக்கு எதிராக 1994-இல் அந்த ஓவியர்கள் வென்றது அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். ஆனால் ஒரு பாணிக்கோ, ஒரு கருவியின் வடிவத்துக்கோ, தலைமுறைகளாக ஒரு குலத்துக்குச் சொந்தமாக இருக்கும் குறியீட்டுக்கோ பதிப்புரிமை கிடையாது. தனி ஒருவரைப் படைப்பாளியாகவும், அவர் இறந்து குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்து முடிந்துபோவதாகவும் உரிமையை எண்ணும் சட்டத்துக்கு, முடிவில்லாத கூட்டு உரிமை என்ற எண்ணம் பிடிபடுவதில்லை.

நாடாளுமன்றக் குழு ஒன்று இச்சிக்கலை விசாரித்து 2018 டிசம்பரில் அறிக்கை தந்தது. அசலல்லாத பொருள்களில் அவை அசலல்ல என்று கட்டாயம் அச்சிட வேண்டும் என உற்பத்தித்திறன் ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை பரிந்துரைத்தது. இந்தப் பரிந்துரை எனக்குப் பிடித்தமானது. ஏனெனில் அசலைச் செய்பவர்தான் தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சுமையை அது தலைகீழாக்குகிறது. 2023 ஜனவரியில் வெளியான தேசியப் பண்பாட்டுக் கொள்கை, பூர்வகுடிகளின் மரபறிவைக் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவதாக உறுதியளித்தது.

நம்பகமாக எங்கே வாங்கலாம்?

செய்பவரிடமே நேரில் வாங்குவது முதல் வழி. அது எல்லோருக்கும் வாய்க்காது. அடுத்த நல்ல வழி, பூர்வகுடிச் சமூகங்களே சொந்தமாக நடத்தும் கலை மையங்கள். யிர்கலாவில் உள்ள புக்கு-லார்ங்கை முல்கா மையம் யிடாக்கிக்குப் பெயர் பெற்றது. மேற்கே மானிங்க்ரிடாவிலும், குன்பலான்யாவில் உள்ள இஞ்சலாக் மையத்திலும் அந்தந்த நிலத்துக் கருவிகள் கிடைக்கும். இம்மையங்கள் வருமானத்தைச் செய்தவருக்கும் மைய நிருவாகத்துக்கும் பகிர்கின்றன, கணக்கும் சமூகத்தின் கையில் இருக்கிறது. கருவியோடு வரும் ஆவணத்தில் செய்தவர் பெயர், குலம், ஊர், மரத்தின் வகை, தீட்டிய வடிவத்தின் கதையில் வெளியே சொல்லத்தக்க பகுதி ஆகியவை இருக்கும்.

நகரத்துக் கடைகளில் வாங்குவதானால், 'இண்டிஜினஸ் ஆர்ட் கோட்' என்னும் நன்னடத்தை நெறியில் கையெழுத்திட்ட கடையா என்று கேளுங்கள். அந்த நெறி தன்விருப்பத்தின்பேரில் ஏற்கப்படுவது. கையெழுத்திடாத கடைகளிலும் நேர்மையானவை உண்டு. ஆனால் கையெழுத்திட மறுப்பதற்குக் கடைக்காரர் என்ன காரணம் சொல்கிறார் என்பதைக் கேட்பது பயனுள்ள உரையாடலாக அமையும்.

கேட்க வேண்டியவை எளியவை. செய்தவர் யார், எந்த நிலத்தைச் சேர்ந்தவர்? மரத்தை வெட்டியவரும் வண்ணம் தீட்டியவரும் ஒருவரேதானா? அவருக்குப் பணம் எப்போது, எப்படிக் கொடுக்கப்பட்டது? மூன்றாவது கேள்வியைக் கேட்கத் தமிழர்களாகிய நமக்குக் கூச்சம் வரும். ஆனால் அதற்குத் தயக்கமின்றி விடை சொல்லும் கடையில் மற்ற இரண்டுக்கும் விடை தயாராக இருப்பதைக் காணலாம்.

சான்றிதழ் இருந்தால் நிம்மதியாக வாங்கலாமா?

சான்றிதழை யார் வழங்கினார் என்பதைப் பொறுத்தது. அச்சுப்பொறி வைத்திருக்கும் எவரும் 'அசல் என உறுதியளிக்கப்படுகிறது' என்று எழுதி முத்திரை வைக்கலாம். நாடு முழுவதற்கும் ஒரே அசல் முத்திரையைக் கொண்டுவரும் முயற்சி 1999-இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. ஆகவே 'அரசு முத்திரை பெற்றது' என்று யாராவது சொன்னால் எந்த முத்திரை என்று விசாரியுங்கள். கலை மையத்தின் பதிவெண் உள்ள சான்றிதழானால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு மையத்துக்கே எழுதிக் கேட்கலாம்.

பூர்வகுடி அல்லாதவர் செய்த டிஜெரிடூக்கள் எல்லாம் போலியா?

தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளாத எதுவும் போலி ஆகாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கற்றாழைத் தண்டிலும் வேறு மரங்களிலும் செய்து, தம் பெயரையே போட்டு விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். மூச்சை இடைவிடாமல் சுழற்றி வாசிக்கப் பழகுபவர் ஒரு பிளாஸ்டிக் குழாயில் தொடங்கினால் அதில் யாருக்கும் இழப்பில்லை. மலிவான போலியை விட அந்தக் குழாய் நேர்மையானது.

ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இன்னொரு வகை வணிகம் நடந்துவருகிறது. வெளியார் வாகனங்களில் வந்து, நிலத்துக்கு உரியவர்களைக் கேட்காமல் மரங்களை மொத்தமாக வெட்டிக்கொண்டு போய்த் துளைத்து விற்பது. உள்ளே குடைவு சரியாக இல்லாத இளமரங்களும் இதில் வீழ்கின்றன. ஆர்னம் லேண்ட் 1976-ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டத்தின்படி பூர்வகுடிகளின் உடைமை. வெளியார் உள்ளே செல்லவே அனுமதிச்சீட்டு வேண்டும். வெட்டிய மரத்தை ஒரு பூர்வகுடிக் கலைஞரிடம் கொடுத்துச் சிறு தொகைக்கு வண்ணம் தீட்டி வாங்கி, முழுக் கருவியையும் அவர் பெயரில் விற்பதும் உண்டு. அட்டையில் இருக்கும் பெயர் உண்மை. ஆயினும் மரம் எங்கிருந்து வந்தது, விலையில் எவ்வளவு அவருக்குப் போனது என்று பார்த்தால் கதை மாறிவிடும். சட்டப்படி இதைப் போலி என்பது கடினம். நியாயமான விற்பனை என்பது அதைவிடக் கடினம்.

பெண்கள் டிஜெரிடூவைத் தொடவே கூடாது என்கிறார்களே?

இதற்கு ஒரே விடை இல்லை. ஆர்னம் லேண்டில் சடங்குகளில் வாசிப்பவர்கள் ஆண்கள். ஆனால் சடங்குக்கு வெளியே பெண்கள் ஊதுவதை அங்கே பெரும் குற்றமாகப் பலரும் கருதுவதில்லை. வியப்பு என்னவென்றால், கருவி பிற்காலத்தில் போய்ச் சேர்ந்த தெற்குப் பகுதிகளில்தான் தடை கடுமையாகப் பேசப்படுகிறது. 2008-இல், சிறுமிகளுக்கான ஒரு நூலின் ஆஸ்திரேலியப் பதிப்பில் டிஜெரிடூ வாசிக்கும் முறை இடம்பெற்றதற்கு எதிர்ப்பு எழுந்து, பதிப்பகம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. எந்த நிலத்தில் நிற்கிறீர்களோ அந்த நிலத்தவரைக் கேட்பதே முறை.

விற்கவே கூடாத கருவிகள் உண்டா?

உண்டு, முதன்மையாகப் புல்ரோரர். கயிற்றின் நுனியில் கட்டிச் சுழற்றினால் உறுமும் தட்டையான மரத்துண்டு அது. பல பூர்வகுடிச் சமூகங்களில் அதைப் பெண்களும் சடங்கில் சேர்க்கப்படாத ஆண்களும் பார்க்கவே கூடாது. அதன் குரல் சடங்கின் குரல். அதைச் சிறுவர் விளையாட்டுப் பொருளாக வண்ணம் அடித்துக் கடையில் தொங்கவிடுவது அறியாமை மட்டுமே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வாங்காதீர்கள்.

பழைய கருவிகளிலும் எச்சரிக்கை தேவை. ஏலத்திலோ குடும்பச் சேகரிப்பிலோ வரும் பழம்பொருள் எந்தச் சூழலில் அந்தச் சமூகத்திலிருந்து வெளியேறியது என்பது பெரும்பாலும் பதிவாகியிருக்காது. 1986-ஆம் ஆண்டின் அசையும் பண்பாட்டு மரபுப் பொருள் பாதுகாப்புச் சட்டம் புனிதமும் மறைவும் கொண்ட சடங்குப் பொருள்களை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. வேறு சில பழம்பொருள்களுக்கு அனுமதி பெற வேண்டும். விற்பனைக்காகவே அண்மையில் செய்யப்பட்ட கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

டிஜெரிடூ தவிர வேறு என்ன வாங்கலாம்?

யோல்ங்கு மக்கள் பில்மா என்று அழைக்கும் தாளக் குச்சிகளைப் பரிந்துரைப்பேன். உண்மையில் யோல்ங்கு இசையில் தலைமை வகிப்பவர் யிடாக்கி வாசிப்பவர் அல்லர். பில்மாவைத் தட்டி மானிக்காய் என்னும் குலப் பாடல்களைப் பாடும் பாடகர்தான். யிடாக்கி அவரைப் பின்தொடர்கிறது. மேடையில் ஒருவர் தனியே நின்று டிஜெரிடூ மட்டும் வாசிக்கும் காட்சிக்குப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். டோரஸ் நீரிணைத் தீவினர் தனி மக்கள். அவர்களுடைய முழவுகளும் விதைக் கிலுகிலுப்பைகளும் வேறு மரபு. அவற்றையும் 'அபாரிஜினல்' என்று ஒரே கூடையில் போட்டு விற்பவருக்குத் தன் சரக்கு தெரியவில்லை.

நான் வாசித்துப் பதிவு செய்து வெளியிடலாமா?

வாசிப்பதைப் பொதுவாக யோல்ங்கு ஆசான்கள் தடுத்ததில்லை. பலர் வெளிநாட்டவருக்குத் தாமே கற்றுத் தந்திருக்கிறார்கள். 1999 முதல் குல்குலாவில் நடக்கும் கார்மா விழாவிலும் அத்தகைய வகுப்புகள் நடந்துள்ளன. அவர்கள் தயங்குவது, குறிப்பிட்ட குலப் பாடலுக்கோ சடங்குக்கோ உரிய தாள அமைப்பைப் பொருள் அறியாமல் நகலெடுப்பதைப் பற்றியே. புகழ்பெற்ற ஆசான்களின் பெயர்களை இங்கே குறிப்பிடாததற்கும் ஒரு காரணம் உண்டு: இறந்தவரின் பெயரைக் குடும்பத்தினர் இசையும் காலம்வரை சொல்லாமலிருப்பது அம்மக்களின் வழக்கம். இறந்த கலைஞரின் படத்தையும் பெயரையும் விளம்பரமாக மாட்டியிருக்கும் கடையில், குடும்பத்தின் இசைவு பெற்றீர்களா என்று கேட்கலாம்.

நான் வாங்கியது போலி என்று இப்போதுதான் தெரிகிறது. என்ன செய்வது?

அசல் என்று சொல்லி விற்றிருந்தால், ரசீதையும் அட்டையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கடைக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். விடை வராவிட்டால் அந்த மாநிலத்தின் நுகர்வோர் அமைப்பிடமோ, போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையத்திடமோ புகார் தரலாம். ஆணையம் உங்கள் தனிப் பணத்தை மீட்டுத் தராது என்றாலும், ஒரே விற்பனையாளரைப் பற்றிப் பல புகார்கள் சேரும்போதுதான் விசாரணைக்கு வழி பிறக்கிறது. அசல் என்று யாரும் சொல்லாமல் நீங்களாகவே அப்படி நினைத்து வாங்கியிருந்தால் சட்டத்தில் பெரிதாக வழியில்லை. கருவியைத் தூக்கி எறிய வேண்டியதுமில்லை, வாசித்துப் பழகலாம். அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மட்டும் பாலியிலோ வேறெங்கோ செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.